எல்லாம் நெகட்டிவ்

கீழவிடுதி, ஒரத்தநாடு
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள சாஜி,

பெருநாள் நல்லபடியாக முடிந்ததா? உன் அண்ணன் மீரா உசேன் இந்த வருடமாவது தன் கையால் பிரியாணி கிளறினாரா, இல்லை வழக்கம்போல் சட்டியருகில் நின்று யோசனை மட்டும் சொன்னாரா? உன் அம்மா மெஹராஜ் பேகத்துக்கு என் சலாமைச் சொல்.

இவள் ஏன் போன் பண்ணாமல் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போன் இப்போது மகள் பூமிகா கையில்தான் இருக்கிறது. ப்ளஸ் டூ போகிறாள் அல்லவா, டியூஷன், நோட்ஸ் எல்லாம் அதில்தான். மெசேஜ் வந்தால் எனக்கு முன்னால் அவள் படிப்பாள். இதை அவள் படிக்கக் கூடாது. தவிர, இதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன்.

நாலு வருடத்துக்கு முன்பு சென்னையில் உன் வீட்டில் தங்கியபோது தொடையில் ஒரு படையைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? உள்ளங்கை அகலம், லேசான சிவப்பு, மேலே வெங்காயச் சருகு போலச் சுருக்கம். "டாக்டர்கிட்ட காட்டுடி" என்றாய். "சேத்துல நிக்கிறவளுக்குப் படை வராம பட்டாவா வரும்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அது பரவியது. இடுப்பில் ஒன்று, பின்புறம் இரண்டு, மார்புக்குக் கீழே ஒன்று. புடவை மறைக்கிற இடமாகப் பார்த்து வந்ததால் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடை திருமுருகனிடம் வாங்கித் தடவிய களிம்பு எத்தனை டியூப் என்று எனக்கே தெரியாது. தடவினால் மங்கும். நிறுத்தினால் திரும்பி வரும். மாசி மாதம் அரிப்பு தாங்க முடியாமல் தஞ்சாவூர் போய் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். தெளிவாக இல்லை என்று மறுபடியும் எடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை சொன்னார். "இது படை இல்லம்மா. தோலில் வர்ற லிம்போமா."

"கேன்சரா மேடம்?"

"அந்த வகைதான். ஆனா பெரும்பாலும் ரொம்ப மெதுவாப் போகும். பயப்படாதீங்க."

அதுவரை எனக்குப் பயம் வரவில்லை, சாஜி. பயப்படாதீங்க என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

அப்புறம் என்னைப் படுக்க வைத்து அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எல்லாம் அமுக்கிப் பார்த்தார். வலது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும். காலில் முள் குத்தியதால் வந்த நெறி என்று நினைத்து ஒரு மாதமாக உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அந்த இடத்தில் இரண்டு முறை விரலை வைத்து அளந்து பார்த்தார். முள் குத்தியதைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

தோலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்பதுதான் இனித் தெரிய வேண்டுமாம். முதலில் ரத்தத்தில் பார்ப்பார்கள், பிறகு அந்த நெறியை எடுத்துப் பார்ப்பார்கள். செல்களின் மேல் இருக்கிற அடையாளங்களை வைத்து இது எப்படிப் போகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம் என்கிறார். உன் வேலை இதுதானே? இருபது வருடமாக நீ என்ன செய்கிறாய் என்று ஒரு நாளும் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

திரும்பி வருகையில் பேருந்தில் ஒரு பெண் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தும் நான் நகர்ந்துகொண்டேன்.

தோஹாவில் இருக்கும் பிரபுவுக்கு, கட்டிய புருஷனுக்கே, இன்னும் சொல்லவில்லை. குறுவைக்கு நாற்றங்கால் போட்டாயிற்று. மேட்டூர் பன்னிரண்டாம் தேதி திறக்கிறார்களாம். எல்லாம் அதனதன் வேளையில் நடக்கிறது. எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

உன்
வானதி


சென்னை, புதுப்பேட்டை
13 ஜூன் 2025

வானதிக் கண்ணு,

கடிதம் நேற்று வந்தது. நின்றபடியே படித்து முடித்து, உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அண்ணன் பிரியாணி கிளறவில்லை. உப்பு மட்டும் பார்த்தார், மூன்று முறை.

முதலில் திட்டிவிடுகிறேன். நாலு வருடம். களிம்பு. உப்பு ஒத்தடம். பி.எஸ்ஸி. விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவள் நீ. தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்தவள் நான். உன் ரெக்கார்டைப் பார்த்து வரைந்துதான் பாஸ் பண்ணினேன். அதற்கு நன்றிக்கடனாக இனி மேலே திட்டவில்லை.

இப்போது கேட்டுக்கொள். தோலில் வருகிற இந்த வகை மற்றவை போல அவசரப்படாது. நிறையப் பேருக்குத் தோலோடு நின்றுவிடும். விளக்கு வெளிச்சச் சிகிச்சை, மாத்திரை, களிம்பு என்று வருடக்கணக்கில் வண்டி ஓடும். பேத்தி பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் கதை விடவில்லை, ரிப்போர்ட் பார்க்கிறவள் சொல்கிறேன்.

நான் செய்கிற வேலை இதுதான்: ரத்தத்தை ஒரு கருவிக்குள் விடுவோம். செல்கள் ஒவ்வொன்றாக ஒரு லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையில் போகும். எந்தச் செல் என்ன அடையாளம் போட்டிருக்கிறது என்று கருவி எண்ணிச் சொல்லும். திரையில் புள்ளி புள்ளியாக விழும். தோலில் இருக்கிற அந்தக் கெட்ட செல்கள் ரத்தத்திலும் சுற்றுகின்றனவா, எத்தனை என்று அதில் தெரியும். அவ்வளவுதான். இருபது வருடமாக நீ கேட்காமல் இருந்ததில் ஒன்றும் நஷ்டமில்லை.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிற டியூப்கள் இரண்டு லேபுக்குத்தான் வருகின்றன. ஒன்று எங்களுடையது. உன்னுடையது எனக்கே வந்தாலும் வரும். ரத்தம் கொடுக்கத் தள்ளிப்போடாதே. பிரபு தம்பியிடம் சொல்லிவிடு. அவர் கிரேன் ஓட்டுகிறவர், உயரத்திலிருந்து கீழே பார்த்துப் பழகியவர், தாங்கிக்கொள்வார்.

துஆ செய்கிறேன். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் நகராதே.

சாஜிதா


கீழவிடுதி
22 ஜூன் 2025

அன்புள்ள சாஜி,

உன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வயலில் திரிகிறேன். "பேத்தி பார்த்தவர்கள் இருக்கிறார்கள்" என்ற வரி வருகிற இடத்தில் மடிப்பு விழுந்து கிழியப் பார்க்கிறது.

பிரபுவிடம் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ" என்றேன். "இருக்கேன்" என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு ஜூலை இருபத்தைந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு வருடமாக வா வா என்று கூப்பிட்டும் கிடைக்காத லீவு இப்போது கிடைத்துவிட்டது. அதை நினைத்தும் பயமாக இருக்கிறது. சின்ன விஷயத்துக்கு முதலாளி லீவு கொடுக்க மாட்டானே.

ரத்தம் நாளை மறுநாள் எடுக்கிறார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தோல், ரத்தம், நெறி என்று மூன்று வட்டம். "முதல் வட்டத்துலயே நின்னுட்டா நிம்மதி" என்றார். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எதைப் பார்த்தாலும் வட்டமாகத் தெரிகிறது.

நேற்று நடவு. புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை, போர் மோட்டார் போட்டுத்தான் நட்டோம். நான் வரப்பிலேயே நின்றேன். ரெத்தினம் அக்கா விடுவாரா?

"என்ன வானதி, ஆபீசரம்மா ஆயிட்டியா? எறங்கலியா?"

"கால்ல புண்ணுக்கா."

"புண்ணுன்னா ஒரு கால்தான? இன்னொரு கால எறக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த நெறி உள்ளே அழுத்தியது. இப்போதெல்லாம் யார் என்ன பேசினாலும் ஒரு விரல் அங்கே போய்த் தொட்டுப் பார்க்கிறது. நேற்றைவிடப் பெரிதா, அதே அளவா என்று. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்து, பயந்து நிறுத்திவிட்டேன்.

எனக்கு நாற்பத்து நாலு. சாவைப் பற்றி இந்த வயதில் யோசிக்காதவர்கள் இல்லை. ஆனால் நான் யோசித்த சாவு எல்லாமே வெளியிலிருந்து வருகிற சாவு. பாம்பு, பஸ், மின்னல். என் உடம்பே எனக்குத் தெரியாமல் நாலு வருடம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குச் சோறு போட்டவள் நான்.

சாஜி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் டியூப் உன் மேசைக்கு வந்தால் எனக்குச் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும். தெரியாத ஒருவர் வாயால் கேட்பதைவிட நீ சொன்னால் நான் விழாமல் நிற்பேன்.

வானதி


சென்னை
1 ஜூலை 2025

அன்பு வானதி,

நலம்தானே. இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். அண்ணன் ஒரு புது மிக்ஸி வாங்கினார், முதல் நாளே மூடி உடைந்துவிட்டது.

டியூப் வந்ததா என்று கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு எத்தனையோ வருகிறது, வேலை செய்யும்போது நாங்கள் பெயர் பார்ப்பதில்லை. ரிப்போர்ட் எப்படியும் உனக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு நீயாக எதுவும் யோசிக்காதே. நேராக டாக்டரம்மாவிடம் போ. தேதி கொடுத்திருப்பார்கள் அல்லவா, அந்தத் தேதியைத் தவறவிடாதே. அந்த நெறியையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் எடுத்துவிடு. சீக்கிரம் எடுத்துவிடு.

கொஞ்சம் வேலை நெருக்கடி. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

சாஜிதா


கீழவிடுதி
9 ஜூலை 2025

என் தங்கமான சாஜி,

எல்லாம் நெகட்டிவ்.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், ஆசையாக இருக்கிறது. எல்லாம் நெகட்டிவ்.

ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. கவரைப் பிரிக்காமல் அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு மாடு கட்டப் போனேன். தண்ணீர் காட்டினேன். சாணி அள்ளினேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். ஒரே எண்களும் அட்டவணையும். அதற்கு நடுவில் சிடி-7 நெகட்டிவ், சிடி-26 நெகட்டிவ், கீழே மறுபடியும் ஒரு நெகட்டிவ். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூமிகா ஓடி வந்து, "என்னம்மா?" என்றாள். ரத்தசோகைக்கு டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "அதுக்கு ஏன் அழுவுற?" என்றாள்.

நான் ஒன்றும் அவசரக்காரி இல்லை. திருமுருகனிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். நடுவில் சிடி-4 பாசிட்டிவ் என்று ஒன்று இருந்ததே, அதற்காக. அவன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அது எல்லாருக்கும் இருக்கறதுக்கா, நல்ல செல்லு. மத்ததெல்லாம் நெகட்டிவ்தான. கொரோனாவுல நெகட்டிவ்னு வந்தப்ப கவலைப்பட்டோமா? போங்க, போய் வேலையப் பாருங்க" என்றான். கடைசியில் "மற்ற பரிசோதனைகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சடித்தே வைத்திருப்பார்களாம்.

அம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டேன். ரெத்தினம் அக்கா, "என்ன விசேஷம்?" என்றார். "சும்மாதான்" என்றேன். "சும்மா மாவிளக்கு போடுற அளவுக்கு வசதி வந்துடுச்சா" என்று ஒரு உருண்டை கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

பிரபுவிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்குச் சேர்த்து ஒரு மாதமாக வரட்டும். அவர் போனில் அழுதார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை கேட்கிறேன்.

பதினாலாம் தேதி டாக்டரம்மாவைப் பார்ப்பதாக இருந்தது. கிளினிக்குக்குப் போன் செய்து, ரிப்போர்ட் நெகட்டிவ், குறுவை அறுவடை முடித்துப் புரட்டாசியில் வருகிறேன் என்றேன். வரவேற்பில் இருந்த பெண், "சரிங்கம்மா" என்றாள். நெறியைப் பற்றிய கவலையும் விட்டுவிட்டது. நேற்றிலிருந்து ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் நினைவே வருகிறது.

போன கடிதத்தில் நீ ஏதோ அவசரத்தில் இருந்தாய் போலிருக்கிறது. மிக்ஸி மூடிக்கு இவ்வளவு துக்கமா? நீயும் சந்தோஷப்படு. உன் துஆ பலித்துவிட்டது.

உன்
வானதி


சென்னை
28 ஜூலை 2025

வானதி,

இதைப் படிக்கும்போது பூமிகா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். உட்கார்ந்து படி.

உன் டியூப் எனக்கு வந்தது. ஜூன் இருபத்தாறு, வியாழன், காலை பத்தரை மணி. உன் பெயர், வயது, தஞ்சாவூர் என்று லேபிளில் இருந்தது. பெயர் பார்ப்பதில்லை என்று நான் எழுதியது பொய். நான்தான் அதைக் கருவியில் விட்டேன். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கூட்டம் விழுந்தது. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதே இடத்தில், அதே கூட்டம்.

கொரோனா டெஸ்டில் நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை, நல்லது. இந்த டெஸ்டில் அப்படி இல்லை. எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்தேன். கடைசியில் நீ சொல்லிக்கொடுத்ததை வைத்தே சொல்கிறேன். இரண்டாம் வருடம் படிக்கும்போது உன் ஊருக்கு வந்தேன். தாளடி நெல்லுக்குக் களையெடுப்பு. எனக்கும் இறங்க ஆசை. நெல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனேன், ரெத்தினம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நீ ஒரு பயிரைப் பிடித்துக் காட்டினாய். புல்லும் நெல்லு மாதிரியேதான் இருக்கும், ஆனால் இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் நெல்லுக்கு ஒரு சின்ன வெள்ளை நாக்கு இருக்கும், புல்லுக்கு இருக்காது என்றாய். "நாக்கு இல்லேன்னா பிடுங்கிடு."

உன் ரத்தத்தில் நான் பார்த்தது அதுதான். நல்ல செல்களில் பெரும்பாலானவை சிடி-7, சிடி-26 என்ற இரண்டு அடையாளங்களையும் போட்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் இரண்டும் இல்லை. இல்லை என்பதைத்தான் நெகட்டிவ் என்று அச்சடித்திருக்கிறது. அவை நல்ல செல்கள் போலவே வேஷம் போட்டவை. சிடி-4 அவற்றிலும் இருக்கும்.

அது ரத்தத்துக்கு வந்துவிட்டது, வானதி.

மேலே படி, நிறுத்தாதே. எவ்வளவு என்பதில் மூன்று படி உண்டு. நீ நடுப்படியில் இருக்கிறாய். மோசமான படிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் நடுப்படி என்பது காத்திருக்கிற படி அல்ல. இனி அந்த நெறிதான் சொல்ல வேண்டும். அதே கூட்டம் அங்கேயும் இருக்கிறதா, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, சிடி-30 என்று இன்னொரு அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரிந்ததெல்லாம் நூறு பேருக்கு என்ன ஆனது என்பதுதான். நீ நூறு பேர் இல்லை.

முடிவைப் பற்றிய குறிப்பு தனியாக டாக்டரம்மாவுக்குப் போயிருக்கும். பதினாலாம் தேதி நீ போயிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அந்தத் தைரியத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. அன்றைக்கே போன் செய்தேன். பூமிகா எடுத்தாள். "சித்தி, அம்மா இப்பல்லாம் பாடிக்கிட்டே வேலை செய்யுறாங்க" என்றாள். "சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பதினாறு நாள். ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்து எழுந்தேன். லேபில் வேலை செய்கிறவர்கள் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் காரணமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

நாளைக்கே டாக்டரம்மாவிடம் போ. புரட்டாசி வரைக்கும் இருக்காதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. போய்விட்டு வந்து திட்டு.

சாஜிதா


சென்னை
14 ஆகஸ்ட் 2025

வானதி,

என் கடிதம் கிடைத்ததா?

நாலு முறை போன் செய்தேன். மூன்று முறை பூமிகா எடுத்து, "அம்மா வயல்ல இருக்காங்க" என்றாள். நாலாவது முறை யாரோ எடுத்தார்கள், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள். அது நீதான் என்று நினைக்கிறேன். மூச்சுச் சத்தம் தெரிந்தது.

டாக்டரிடம் போனாயா என்று மட்டும் எழுது. ஒரு கார்டில் "போனேன்" என்று ஒரு சொல் போதும். வேலையில் கை ஓடவில்லை. ஒவ்வொரு டியூபையும் லேபிளைப் பார்த்த பிறகுதான் எடுக்கிறேன்.

சாஜிதா


கீழவிடுதி
30 ஆகஸ்ட் 2025

சாஜிதா,

போனேன்.

உன் கடிதம் ஆகஸ்ட் முதல் தேதி வந்தது. வரப்பில் வைத்துத்தான் தபால்காரர் கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன். முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. மேல் வயலுக்கு மடையைத் திறந்துவிட வேண்டியிருந்தது, போய்த் திறந்துவிட்டேன். தண்ணீர் பாய்கிற வரைக்கும் நின்றேன். மேல் வயலா கீழ் வயலா என்பது பிறகுதான் உறைத்தது, தப்பான மடையைத் திறந்திருந்தேன்.

மூன்றாம் தேதி பதினெட்டாம் பெருக்கு. புது ஆற்றங்கரையில் எல்லோரோடும் போய்த் தாலிக் கயிறு மாற்றினேன். கழுத்தில் கட்டிவிட்டவர் ரெத்தினம் அக்கா. முடியை ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னடி இது, பின்னங்கழுத்துல?" என்றார். எனக்குத் தெரியாத இடத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. "வேர்க்குருக்கா" என்றேன். முடிச்சை இரண்டு தடவை இறுக்கிக் கட்டினார். தெரிந்துதான் இருக்கும் போல.

மறுநாளே தஞ்சாவூர் போனேன். "நெகட்டிவ்னா நல்லதுன்னு யாரும்மா சொன்னா?" என்று டாக்டரம்மா கேட்டார். "எல்லாரும் மேடம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் கிளினிக் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். இனி ரிப்போர்ட் வந்ததும் தன்னைக் கேட்காமல் யார் தேதியையும் மாற்றக் கூடாது என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள். பாவம், நான் சொன்னதைத்தானே அவள் கேட்டாள். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வாரம் மூன்று நாள் வெளிச்சச் சிகிச்சை. கருவிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

பூமிகாவிடம் சொல்லிவிட்டேன். அவளாகவே போனில் என்னென்னவோ தேடிப் படித்தாள். அரை மணி நேரம் கழித்துப் போனை என் மடியில் போட்டுவிட்டு, "இதை நீயே வச்சுக்கம்மா, எனக்கு வேணாம்" என்றாள். பிரபுவின் லீவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அக்டோபர்தான் என்கிறார். வர வேண்டாம் என்று சொன்னவள் நான். யாரைக் குறை சொல்ல?

உன்னைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு நாள் உனக்குத் தெரிந்திருந்தது. நான் மாவிளக்கு போட்ட அன்றைக்கு உனக்குத் தெரியும். பிரபு அழுத அன்றைக்குத் தெரியும். நான் பாடிக்கொண்டு களை பறித்த ஒவ்வொரு நாளும், சென்னையில் ஒருத்திக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. அந்த நாட்களையெல்லாம் இப்போது நினைத்தால் கூசுகிறது, நான் துணி மாற்றுவதை யாரோ பார்த்துக்கொண்டிருந்தது போல. நீ மறைத்ததுகூடப் பெரிதில்லை. எனக்கு முன்னால் தெரிந்துகொண்டாய், அதுதான் பொறுக்கவில்லை. அது உன் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தாலும் பொறுக்கவில்லை. டியூபைக் கையில் எடுத்து என் பெயரைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். கோபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், அந்த நினைப்பு வந்து இடையில் நிற்கிறது. போனை எடுத்தவள் நான்தான். உன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

இருபதாம் தேதி நெறியை எடுத்தார்கள். மூன்று தையல். எடுத்து முடித்ததும் டாக்டரம்மா, "போன தடவை அனுப்பின லேபுக்கே அனுப்பிடலாமா?" என்றார்.

"வேற எங்கயாவது அனுப்புங்க மேடம்."

"ஏன், அவங்க சரியில்லையா?"

"ரொம்பச் சரி. அங்க என் சிநேகிதி இருக்கா."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வேறு இடத்துக்கு, ஹைதராபாத்தோ எங்கேயோ, அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் எட்டு, திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டை என்னிடம் அனுப்ப வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பூமிகாவை அழைத்துப் போக மாட்டேன். தனியாகவும் போக முடியாது என்று நேற்றுதான் ஒப்புக்கொண்டேன்.

நீ வா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உழவன் ரயிலில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். லேப்காரியாக வராதே. எதையும் படித்துக்கொண்டு வராதே. தெரிந்தவர்கள் யாரிடமும் விசாரிக்காதே. டாக்டரம்மா வாயைத் திறக்கிற வரைக்கும் என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திரு. பயம் எனக்கு எவ்வளவோ அவ்வளவு உனக்கும் இருக்கட்டும். எனக்கு இப்போது அப்படி ஒரு ஆள்தான் வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகும். நீயே வந்துவிடலாம்.

வானதி